உதட்டுக்குக் குரல் கொடுத்தவள்

காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். பார்த்த வேகத்தில் அவர் முகம் தொங்கிப் போகும். எதிரே நிற்பது அகன்ற நெற்றியும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக, தோளில் துணிப்பை மாட்டிய ஒரு சாதாரணப் பெண். தக்காளி ரெண்டு நாள் தாங்குமா என்று கேட்டது அவள்தான். ஆனால் அவர் காதில் விழுந்தது ஊரையே அழவைத்த ஒரு நடிகையின் குரல். "அச்சு அசல் அந்த நடிகை பேசுற மாதிரியே இருக்கும்மா" என்பார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டுவாள்.

அதற்கு மேல் சொல்லக்கூடாது. படக் கம்பெனியோடு அவளுக்கு இருந்த பேச்சு அது.

ஸ்டூடியோவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வானொலி நாடகங்களில் பேசிக்கொண்டிருந்தவள் என்பதால் ஒலிப்பதிவாளர் வைத்த பெயர் அது. வானொலியில் அவள் அழும் மருமகளாகவும், அழவைக்கும் மாமியாராகவும், ஒரே வாரத்தில் இரண்டு முறை பேயாகவும் பேசியிருக்கிறாள். புருஷன் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு பல்சக்கரத்தைத் துழாவியபடியே அவள் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொள்வார். "ஊர்ல அவனவன் வரிசையில நின்னு டிக்கெட் வாங்கிக் கேக்குறான். எனக்கு மட்டும் தினமும் ஓசியிலயே திட்டு விழுது" என்பார்.

அந்த நடிகை ஒரு சிறிய ஊரிலிருந்து வந்தவள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா நூல், பொத்தான், எலாஸ்டிக் விற்கும் கடை வைத்து அவளை வளர்த்தாள். பதினேழு வயதில் அவள் சினிமாவுக்குப் போகிறேன் என்று கிளம்பியபோது அம்மா கடை வாசலில் நின்று, "போ. இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள். எல்லா அம்மாவும் கோபத்தில் சொல்வதுதான். சொன்னதைச் செய்கிற அம்மா நூற்றில் ஒருத்தி. இந்த அம்மா அந்த ஒருத்தி.

முதல் இரண்டு படங்களில் நடிகை தன் சொந்தக் குரலில்தான் பேசினாள். கண்ணாடிக் குவளையைச் சுண்டினாற்போன்ற குரல். மூன்றாவது படம் பாதியில் நிற்கும்போது தொண்டையில் கட்டி வந்தது. கத்தி வைத்தார்கள். உயிர் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசினால் காய்ந்த சருகின்மேல் யாரோ செருப்போடு நடந்து போவதுபோல இருந்தது.

பாதிப் படத்தை வைத்துக்கொண்டு முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய குரலுக்கு இணையான குரலைத் தேடும் பொறுப்பு ஒலிப்பதிவாளர் மேல் விழுந்தது. அவருக்குப் பாம்புக் காது. ஒரு நாள் சவரம் செய்துகொள்ளும்போது பக்கத்துக் கடை வானொலியில் ஒரு மருமகள் அழுவதைக் கேட்டு, பாதி முகத்தில் சோப்போடு எழுந்து போய் வானொலி நிலையத்துக்குப் போன் போட்டாராம். ரேடியோ வந்து சேர்ந்தது அப்படித்தான்.

வேலை இதுதான். படத்தை ஒரு வசனம், இரண்டு வசனம் என்று துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்குவார்கள். அந்த வளையம் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். இருட்டறையில் திரையில் நடிகை ஒரே வசனத்தை மறுபடி மறுபடி பேசுவாள். ரேடியோவின் காதில் மாட்டிய கருவியில், படப்பிடிப்பில் எடுத்த அசல் சத்தம் கேட்கும்: அந்தச் சருகுக் குரல். அதைக் கேட்டுக்கொண்டே, திரையில் உதடு திறக்கும் இடத்தில் திறந்து, மூடும் இடத்தில் மூடி, நடிகை மூச்சு இழுக்கும் இடத்தில் தானும் இழுத்துப் பேசவேண்டும். வார்த்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் மூச்சு தப்பினால் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை ஆட்டுவார். "அவங்க இன்னும் மூச்சே விடல. நீ அதுக்குள்ள செத்துட்டியே" என்பார்.

முதல் சில மாதங்கள் ரேடியோவுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ஒரு பெண் தன் காதுக்குள் திரும்பத் திரும்பப் பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் தான் அதன்மேல் பேசி அதை மூடுகிறோம். மூடி முடித்த பிறகு அசல் சத்தம் யாருக்கும் வேண்டாம். அது பதிவான ஒலிநாடாவை அழித்து, அதிலேயே அடுத்த படத்துக்குப் பதிவு செய்வார்கள். புருஷனிடம் ஒரு தடவை சொன்னாள், புதைக்கிற வேலை மாதிரி இருக்கிறது என்று. அவர் லென்சைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, வேறு வேலை பார்க்கலாமே என்று மெதுவாகக் கேட்டார். அவள் பார்க்கவில்லை. அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. தனக்கு வருகிற வேலையை யாரும் லேசில் விடுவதில்லை.

நடிகை உயர உயரப் போனாள். விழா மேடைகளில் கைகூப்பிச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். பத்திரிகைகள் அவளை அடக்கத்தின் உருவம் என்று எழுதின. பேட்டி கேட்டால் பதில்கள் எழுத்தில் போகும். வீட்டில் சமையல்காரம்மாவிடம்கூடக் கையால்தான் பேசுவாள். ரேடியோவிடம் மட்டும் வாய் திறந்து பேசுவாள். "உன் முன்னாடி வெக்கம் இல்ல. நீதான் இதை தினமும் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்குறியே" என்பாள். ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "என் தொண்டை செத்துப் போச்சு. அதோட ஆவி உன்கிட்ட குடியேறிடுச்சு. நல்லா சாப்பாடு போட்டு வச்சுக்க."

ரேடியோ அவளை அக்கா என்று கூப்பிட்டாள். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் நடிகை வீட்டு மாடியறையில் இருவரும் மறுநாள் வசனத்தை ஒத்திகை பார்ப்பார்கள். நடிகை உதட்டை மட்டும் அசைப்பாள். எதிரே உட்கார்ந்து ரேடியோ அந்த உதட்டுக்குச் சத்தம் போடுவாள். பழகப் பழகத் திரையும் வேண்டியிருக்கவில்லை, காதுக்கருவியும் வேண்டியிருக்கவில்லை. நடிகை நினைப்பதற்கும் ரேடியோ சொல்வதற்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இடைவெளி இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. பக்கத்தில் இருந்ததால் நடிகையே எடுத்தாள்.

மறுமுனைக் குரல் ரேடியோவுக்கும் கேட்டது. கடையில் நின்று பேசிப் பழகிய உரத்த குரல். படம் விநியோகிக்க வந்த ஆள் ஒருவரை மடக்கி இந்த எண்ணை வாங்கியதாகச் சொல்லிவிட்டு, "நான் அவ அம்மா. அவகிட்ட குடு" என்றது.

நடிகையின் முகம் வெளுத்தது. "அம்மா, நான்தான்மா" என்றாள்.

"நான்தான்னா யாரு?"

"நான்தான்மா. உங்க பொண்ணு."

"என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? கரடிக்குத் தொண்டை கட்டின மாதிரி பேசிக்கிட்டு பொண்ணாம். வீட்டு வேலைக்கு வந்தா வேலையைப் பாரு. என்கிட்ட விளையாடாத, அவளைக் கூப்பிடு."

நடிகை இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை சத்தமே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அம்மா போனை வைக்கப் போவதாக மிரட்டினாள். நடிகை ரேடியோவைப் பார்த்தாள். பிறகு போனை அவள் கையில் திணித்து, எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, உதட்டை அசைத்தாள்.

"அம்மா" என்றாள் ரேடியோ.

 மறுமுனையில் அழுகை வெடித்தது. அது அடங்கியதும் அம்மா சொன்னது இது: "முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னேன்ல. அது மாறாது. ஆனா உன் படம் ஒண்ணு விடல. இடம் பிடிச்சு உக்காந்து கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டு வந்துடுவேன். பக்கத்துல உக்காந்தவன் என்னைத் தூங்குமூஞ்சின்னு நினைச்சிருப்பான்."

அன்று போனை வைத்த பிறகு, உண்மையைச் சொல்லிவிடலாம் அக்கா என்று ரேடியோ கெஞ்சினாள். நடிகை தலையாட்டி மறுத்தாள். "இத்தனை வருஷமா அவங்க கேட்டது என்னை இல்லன்னு ஆகிடும். அவங்க கையில இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கச் சொல்றியா?"

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவின் போன் வந்தது. நடிகை ஒரு காதைப் போனோடு ஒட்டிக்கொண்டு, ரேடியோவின் கண் எதிரே உதட்டை அசைப்பாள். கடைக்கூரை ஒழுகுவதையும், பொத்தான் டப்பாவில் எலி குடித்தனம் பண்ணுவதையும் அம்மா சொல்வாள். நடிகை சத்தமில்லாமல் சிரிப்பாள். ரேடியோ சத்தமாகச் சிரிப்பாள். நேரில் வருகிறேன் என்று நடிகையின் உதடு பலமுறை கேட்டது. அம்மா ஒவ்வொரு முறையும், "வேண்டாம். சொன்னது சொன்னதுதான். பேசு, அது போதும்" என்றாள்.

நடிகைக்கு வயது கூடியது. கதாநாயகி போய் அண்ணி வேஷம் வந்தது, அப்புறம் அம்மா வேஷம் வந்தது. அம்மா வேஷத்துக்குக் குரலைச் சற்றே தளர்த்திப் பேசும்படி ஒலிப்பதிவாளர் சொன்னபோது, ரேடியோ தன்னையறியாமல் அந்தக் கடைக்கார அம்மாவைப்போலப் பேசிவிட்டாள். நடிகை அன்று இருட்டறையில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

தொண்டையில் கட்டி திரும்ப வந்தபோது இந்த முறை கத்தி வைக்க இடமில்லை என்றார்கள். கடைசி மாதங்களில் ரேடியோ அந்த வீட்டிலேயே தங்கினாள். ஞாயிற்றுக்கிழமைப் போனைக் கட்டில் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்கள். உதடு அசைவது குறைந்துகொண்டே வந்தது. ரேடியோ அந்தக் கண்ணைப் பார்த்துப் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணும் மூடியிருந்தது. அன்று என்ன பேசினோம் என்று ரேடியோவுக்குப் பிறகு நினைவுக்கு வரவே இல்லை. ஆனால் அம்மா நன்றாகச் சிரித்தாள், அது மட்டும் நினைவிருந்தது.

நடிகை ஒரு வியாழக்கிழமை காலை இறந்தாள். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. அவள் ஊரிலிருந்து யாரும் வரவில்லை.

ஞாயிறன்று ரேடியோ மாடியறையில் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. நெடுநேரம் அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். அவள் எடுத்து, பழக்கத்தில், "ஹலோ" என்றாள்.

மறுமுனையில் அம்மா பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். "அதானே பார்த்தேன். பேப்பர்ல என்னென்னமோ போட்டிருக்கானுங்க. இங்க எல்லாரும் கடையைச் சாத்துன்னு ஒரே பாட்டு. என் பொண்ணு ஞாயித்துக்கிழமை பேசுவா, அப்போ தெரியும்னு சொல்லித் திறந்தே வச்சிருக்கேன்."

ரேடியோ கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அம்மா, பேப்பர்ல போட்டது நெசம்மா. அவங்க போயிட்டாங்க."

"யாரு போயிட்டா?"

"உங்க பொண்ணு."

"வாயைக் கழுவு. உன் சாவை உன் வாயாலயே சொல்லுவியா? இதென்னடி விளையாட்டு?"

நான் உங்கள் பெண் இல்லை என்று ரேடியோ சொன்னாள். வேறு ஆள் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அம்மா சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு உடம்பு சரியில்லையா கண்ணு என்று பயந்துபோய்க் கேட்டாள். அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. எந்த உண்மையைச் சொல்வதானாலும் அவளிடம் இருப்பது இந்த ஒரு குரல்தான். இதில் எதைச் சொன்னாலும் மகள் சொன்னதாகத்தான் அங்கே போய்ச் சேரும். செத்துவிட்டேன் என்று மகளே சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்?

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் கிளம்பினாள். கூட வருகிறேன் என்ற புருஷனை வேண்டாம் என்றாள். வழி நெடுகப் பேச வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். முதலில் முகத்தைக் காட்டவேண்டும், பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும். அதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. கண்ணாடி ஜாடிகளில் பொத்தான்கள், சுவரில் அடுக்கடுக்காக நூல் உருண்டைகள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. முதுகு வளைந்த ஒரு கிழவி தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எலாஸ்டிக்கை மரக்கோலில் அளந்துகொண்டிருந்தாள். ரேடியோ எதிரே போய் நிற்பதற்காகக் கடைக்குள் ஏறினாள். படி உயரமாக இருந்தது. கால் இடறியது. "அம்மா" என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. யாரும் விழும்போது சொல்வதுதான்.

அளந்துகொண்டிருந்த கை நின்றது. கிழவி திரும்பினாள். திரும்பும்போதே கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"வந்துட்டியா?" என்றாள். "வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டியே. கிட்ட வா. முழிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். தொட மாட்டேன்னு சொல்லல."

ரேடியோ நகரவில்லை. பேசினால் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு. கிழவியின் இரண்டு கைகளும் காற்றைத் துழாவி வந்து அவள் முகத்தைப் பற்றின. கன்னத்தில் தடவின. மேலே ஏறின. மூக்குக்கண்ணாடி தட்டுப்பட்டது. விரல்கள் அகன்ற நெற்றியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய், திரும்பி வந்து, நின்றன. கைகள் விலகவில்லை. ஆனால் அவற்றின் சூடு போய்விட்டதுபோல ரேடியோவுக்குத் தோன்றியது.

கிழவி கண்ணைத் திறந்தாள்.

"நீ யாரு?"

"குரல் என்னோடதும்மா" என்றாள் ரேடியோ. "வார்த்தையெல்லாம் அவங்களோடது."

கிழவி கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரேடியோ தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொண்டையில் வந்த கட்டியை, ஆபரேஷனை, அதில் குரல் போனதை, இருட்டறையை, போன் எதிரே அசைந்த உதட்டை. குரல் போனது என்று சொன்னவள், மிச்சம் இருந்த சருகுக் குரலைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது அவளுக்கே தெரியாது.

கிழவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். "எலிக் கதைக்குச் சிரிச்சியே, அது?"

"அவங்க சிரிச்சாங்க. நான் சத்தம் போட்டேன்."

"என் கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னது?"

"அவங்கதான்."

"போன மாசம் அழுதது?"

"ரெண்டு பேரும்தாம்மா."

கிழவி தலையை ஆட்டிக்கொண்டாள். கையில் இன்னும் எலாஸ்டிக் இருந்தது. அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இழுப்பது நின்றது.

"மொதல் நாள் ஒருத்தி எடுத்தாளே" என்றாள். "தொண்டை கட்டின மாதிரி. நான்தான் நான்தான்னு சொன்னாளே. அது யாரு?"

வெளியே சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. ரேடியோ அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், பெற்ற பெண் ஒரே ஒரு தடவை தன் சொந்தக் குரலில் அம்மா என்று கூப்பிட்டாள், அவளைக் கரடி என்று சொல்லி விரட்டினேன் என்று இந்தக் கிழவி மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால், அக்கா அந்த ஒரு தடவையும் பேசாதவளாகவே போய்விடுவாள். இருட்டறையில் எத்தனையோ நாள் எத்தனையோ தடவை அந்தக் குரலை மூடியிருக்கிறாள். அப்போதெல்லாம் காரணம் சினிமாவாக இருந்தது.

"அது சமையல்காரம்மா" என்றாள். "யார் யாரோ போன் பண்ணித் தொந்தரவு பண்ணுவாங்க. அதனால அவங்களே அக்கா மாதிரி பேசி அனுப்பப் பார்ப்பாங்க."

குரலில் நடுக்கமே இல்லை. உதடு திறக்கும் இடத்தில் திறந்தது, மூடும் இடத்தில் மூடியது.

கிழவி அவளையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எலாஸ்டிக்கைச் சுருட்டிக் கல்லாப் பெட்டிமேல் வைத்தாள்.

"பாவம்" என்றாள். "நான் கண்டபடி பேசிட்டேன். வயசான புத்தி. அவளைப் பார்த்தா சொல்லு, மனசுல வச்சுக்க வேண்டாம்னு. நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லு."

"சொல்றேம்மா."

"மறந்துடாத."

"மறக்க மாட்டேம்மா."

ஊர் திரும்பிய பிறகு ரேடியோ வேலைக்குப் போகவில்லை. ஒலிப்பதிவாளர் ஆள் விட்டுப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூடக் கதவைத் தட்டினாள். ஒரு நாள் அவர் லென்சைக் கழற்றி வைத்துவிட்டு, "ரெண்டு திட்டாவது திட்டேன்" என்று கேட்டார். அவள் திட்டவில்லை. தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் நடிகை வீட்டில் போன் அடிக்குமோ என்று நினைத்துக்கொள்வாள். அது அடிக்காது என்று அவளுக்குத் தெரியும். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒப்புக்கொண்ட செய்தி ஒன்று நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அக்காவின் சமாதிக்கு ஒரு தடவை போனாள். பளிங்குக் கல்லில் பெயர் இருந்தது, முகம் இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானக் காட்சிக்குப் போனாள். நடிகையின் நினைவாகப் பழைய படம் ஒன்றைத் திரும்பப் போட்டிருந்தார்கள். கூட்டம் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் அந்த முகம் வீடளவுக்குப் பெரிதாக வந்தது. அக்கா என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் திரையில் உதடு திறந்தது, அங்கிருந்து வந்தது இவள் குரல். காத்திருந்தாள். மறுபடி உதடு திறந்தது, மறுபடியும் இவளே பேசினாள். காதலித்தாள், கோபித்தாள், மன்னிப்புக் கேட்டாள். அந்த முகத்துக்குச் சொல்லவேண்டியதைச் சொல்ல ஒரு சந்தும் கிடைக்கவில்லை. எல்லா இடத்தையும் இவளே பேசி நிரப்பி வைத்திருந்தாள்.

படம் முடியப் போகும் தறுவாயில் ஒரு காட்சி வந்தது. நடிகை சன்னலோரம் நின்று வேறு யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் குரலுக்கு வேலையே இல்லாத காட்சி என்பதால் ரேடியோ அதைப் பார்த்ததே இல்லை. பேசுபவர் பேசி முடித்தார். நடிகை பதில் சொல்லவில்லை. உதடு மூடியிருக்க, கண் மட்டும் எதற்கோ காத்திருந்தது.

"அக்கா" என்றாள் ரேடியோ. "அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

முன்வரிசையில் இருந்த ஒருவர் திடுக்கிட்டார். அவர் பின்னால் திரும்பவில்லை, திரையைத்தான் உற்றுப் பார்த்தார். அங்கே உதடு அசையவில்லை. ரேடியோ மீதியையும் சொல்லி முடித்தாள்.